எஞ்சினுக்குள் நான் மாற்றிய ஸ்குரூ

தம்பி,

இதை வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. உன் அப்பா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். வயரிங் பிளானுக்குக் கீழே நாலு வரி எழுதுவதற்கே உன் அம்மாவைக் கூப்பிடுகிறவன் நான். இந்த விஷயத்தைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் உனக்கு எடுத்தேன். மூன்று தரமும் அங்கே குளிர் எப்படி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். உன் கலியாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அதற்கு முன் நீ இதை அறிந்தாக வேண்டும். பத்து வருடத்துக்கு முன், உன் ஜேர்மனி மாமாவின் கண் முன்னால், நம் வீட்டு மேசையில் வைத்து எரிந்துபோனதே உன் ரயில் எஞ்சின், அதை எரித்தது நீ இல்லை. நான்.

போன மாதம் வீடியோவில் கதைத்தபோது உனக்கு வரப்போகிறவள் சிரித்துச் சிரித்து என்னிடம் ஒன்று சொன்னாள். "மாமா, உவருக்கு ஒரு பல்ப்பும் மாத்தத் தெரியாது. கேட்டா, தான் தொட்டால் எரிஞ்சுபோம் எண்டுறார். வீட்டு லைட் முழுக்க நான்தான் பூட்டினனான்." நீ பக்கத்தில் இருந்து சிரித்தாய். சிரித்துவிட்டு, "எனக்குக் கை சரிவராதெண்டு அப்பாவுக்குத் தெரியும். என்னப்பா?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தாய். நான் தலையை ஆட்டினேன். தம்பி, நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். ஒரு பொய்யைப் பத்து வருடம் சும்மா வைத்திருப்பது ஒன்று. அதற்குச் சாட்சி சொல்வது வேறு.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உனக்கு விளங்க வேண்டுமானால் என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை நான் வீட்டில் கதைத்ததில்லை. நான் வேலை பழகிக்கொண்டிருந்த காலம், நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஒன்றுக்கு ஏர்த் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப்போக வழிவிடுகிற ஒரே ஒரு கம்பி, அதை யாரோ மிச்சம் பிடித்துவிட்டார்கள். தோட்டக்காரர் ஈரக் கையோடு மோட்டரின் இரும்பு உடம்பைப் பிடித்தார். பக்கத்துக் காணியில் வேலையாக நின்ற நான்தான் ஓடிப்போய்க் காய்ந்த தடியால் தட்டி அவரைப் பிரித்தேன். பிரித்து என்ன, உயிர் இல்லை. அவருடைய மனைவி வாழைக்குலை வெட்டிய கத்தியைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். அன்றிலிருந்து இரும்பும் மின்சாரமும் ஓரிடத்தில் இருந்தால் ஏர்த் கொடுக்காமல் என் கை விடாது. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே செய்துவிடும்.

பிறகு போரில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து வீடு கட்டக் கட்ட, இணுவிலிலிருந்து பண்டத்தரிப்பு வரைக்கும் நான் வயர் இழுத்தேன். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிற நாளில் என்னை அழைத்து முதல் லைட்டை என் கையால் போடச் சொல்வார்கள். "உங்கடை கை ராசியான கை, நீங்களே போடுங்கோ" என்பார்கள். நானும் சால்வையைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனிதன்போல் போய் ஸ்விட்சைத் தட்டுவேன். அந்தப் பேச்சை நான் முழுதாக நம்பினேன். ஒரு மனிதனைக் கெடுப்பதற்கு அதுவே போதும்.

போர் முடிந்து, உனக்குப் பதினைந்து வயதில் நம் ஊர்ப் பக்கம் ரயில் திரும்பி வந்தது. அதற்கு முன் அந்தப் பாதையில் தண்டவாளம்கூட இல்லை. வெறும் பற்றைக்காடு. பிறந்ததிலிருந்து ரயிலைக் காணாத பிள்ளைகள் ஊர் முழுக்க இருந்தீர்கள். மற்றப் பிள்ளைகள் நாலு நாள் போய்ப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நீ விடவில்லை. எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிந்துகொண்டு வந்து, "அப்பா, நிக்கிறபோது ஒரு சத்தம், இழுக்கத் தொடங்கிறபோது வேறை சத்தம், கேளுங்கோ" என்று என் காதுக்குள் பிடிப்பாய். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. ஜேர்மனியில் இருக்கிற உன் மாமா, அம்மாவின் தம்பி, இதைக் கேள்விப்பட்டு ஒரு பழைய சின்ன டீசல் எஞ்சினையும் வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளத்தையும் அனுப்பினார். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். நான் அதை விளையாட்டுச் சாமான் என்றேன். "விளையாட்டுச் சாமான் இல்லையப்பா, மொடல்" என்று நீ முகத்தைச் சுளித்தாய்.

அடுத்த வருடம் மாமா கோயில் திருவிழாவுக்கு வந்தபோது, நீ கேட்டிருந்த டிகோடரையும் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து தந்தார். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகடு ஒன்று. அதற்குள் எஞ்சினின் சத்தமெல்லாம் பதிந்திருக்கும், தண்டவாளத்தின் வழியாக நீ அனுப்புகிற கட்டளையைக் கேட்டு மோட்டரையும் ஓட்டும், சத்தத்தையும் போடும் என்று விளக்கினாய். ஸ்பீக்கர் ஒரு பனங்கட்டித் துண்டளவு. அதன் பின்பக்கம் காற்றுப் போகாமல் அடைத்தால்தான் சத்தம் கனமாக வரும் என்று, மருந்துப் போத்தல் மூடியை அரிந்து பெட்டி செய்து ஒட்டினாய். இரண்டு கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஈயம் உருக்கி ஒட்டுகிற என் பழைய சோல்டரிங் அயனை வைத்துக்கொண்டு மேசையை விட்டு எழும்பவில்லை. எதையோ எனக்கும் சொல்ல வந்தாய். இந்த எஞ்சினில் மோட்டரின் ஒரு முனை இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது, அதை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்று தொடங்கினாய். "எனக்கோ கரண்ட் படிப்பிக்கிறாய்?" என்று உன் வாயை அடைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடம் நான் காதைக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

வெள்ளிக்கிழமை நீ வேலையை முடித்து, அம்மாவுக்கு மட்டும் ஓட்டிக் காட்டினாய். ஞாயிற்றுக்கிழமை மாமாவைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம், அவருக்கு முன்னால் ஓட்டுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பின்னேரம் நீ ரியூசனுக்குப் போயிருந்தாய். எஞ்சின் மேசையில் இருந்தது. மச்சானுக்கு முன்னால் என் மகன் வெட்கப்படக்கூடாது, ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடியைக் கழற்றினேன். உண்மை அது இல்லை. என் வீட்டில் மின்சாரம் ஓடுகிற ஒரு சாமான் என் கை படாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே பார்த்தால் மோட்டரின் செம்புத் தகட்டை இரும்புச் சட்டத்தோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்குரூவால் பிடித்து, இடையில் மஞ்சள் நாடா ஒன்றும் ஒட்டியிருந்தாய். பெடியன் ஏர்த் கொடுக்காமல் இரும்பை அந்தரத்தில் விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். நாடாவை உரித்தேன். பழைய பிளக் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த பித்தளை ஸ்குரூ அளவாக வந்தது, அதை இறுக்கிப் பூட்டினேன். மோட்டரும் சட்டமும் நன்றாகச் சேர்ந்தன. ஒரு நல்ல வேலை செய்த திருப்தியோடு உன் பிளாஸ்டிக் ஸ்குரூவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. நாளைக்கு ஓடிய பிறகு, "நான்தான் சரிப்படுத்தினனான்" என்று மாமாவுக்கு முன்னால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பார், என் எண்ணம் எவ்வளவு சின்னது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு மறந்திருக்காது. சாப்பிட்டு முடிந்ததும் நீ எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தாய். முதலில் அது உறுமத் தொடங்கியது. அந்தச் சின்னச் சாமானுக்குள்ளிருந்து அவ்வளவு கனமான சத்தம் வருமென்று நான் நினைக்கவில்லை. மாமா கையைத் தட்டினார். உன் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் காணவில்லை, தம்பி. நீ வேகத்தைக் கூட்டினாய், டக் என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் எரிகிற மணம், மூடியின் இடுக்கால் புகை. எல்லாம் நின்றுவிட்டது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன் நான் தொடங்கிவிட்டேன். "மாமா தந்த சாமானை எரிச்சுப்போட்டாய். உன்ரை கைக்கு உதுகள் சரிவராது. வயரிங்காரன்ரை பிள்ளை எண்டு வெளியிலை சொல்லிப்போடாதை." மாமா, "விடுங்கோ அத்தான், இன்னொண்டு அனுப்பலாம்" என்று தடுத்தார். நான் நிற்கவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு, "எப்பிடி மாமா? மோட்டர் சட்டத்திலை முட்டினால்தான் இப்பிடி எரியும். அதுதான் பிளாஸ்டிக் ஸ்குரூ போட்டனான்" என்றாய்.

அந்தச் சொல்லோடு என் ஏச்சு நின்றது. சட்டம் முழுக்கத் தண்டவாளத்து மின்சாரம் நிற்கிறது, அதை நான் மோட்டரோடு சேர்த்துப் பூட்டிவிட்டேன், அது நேரே டிகோடருக்குள் பாய்ந்திருக்கிறது. முப்பது வருடம் வயர் பிடித்தவனுக்கு இது விளங்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. வீட்டில் உயிரைக் காக்கிற வேலை, இந்தச் சாமானுக்குள் அதுதான் நஞ்சு. அந்த நேரமே சொல்லியிருக்கலாம். "பொறு, நான் ஸ்குரூவை மாத்தினனான்" என்று நாலு சொல். மாமா சிரித்திருப்பார், நீ ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் இன்று இவ்வளவு வெட்கம் இராது. நீ மாமாவைச் சுன்னாகம் பஸ்ஸுக்கு விட்டுவரச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடப் போனாய். அம்மா கிணற்றடியில் பாத்திரம் கழுவினார். நான் மேசைக்கு முன் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, பித்தளை ஸ்குரூவை எடுத்துவிட்டு, முதல்நாள் சட்டையின் பையில் கிடந்த உன் ஸ்குரூவைத் திரும்பப் பூட்டினேன். அம்மாவின் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த உன் மஞ்சள் நாடாச் சுருளிலிருந்து ஒரு துண்டு கிழித்து, இருந்தமாதிரியே ஒட்டினேன். ராசியான கை. ஒரு நடுக்கமும் இல்லாமல் அதைச் செய்தது.

நாலு நாள் நீ அதைத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டரால் ஒவ்வொரு வயராக அளந்தாய். எல்லாம் சரி. முட்டவேண்டியது முட்டுகிறது, முட்டக்கூடாதது முட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஓடியது ஞாயிற்றுக்கிழமை ஏன் எரிந்தது என்று, வயர் பூட்டிய விதம் எழுதிவைத்த கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நான் அந்த அறைக்குள்ளேயே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் குசினிக்குப் போய், "எல்லாம் சரியாத்தான் இருக்கம்மா. அப்ப பிழை என்ரை கையிலைதான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிழை எங்கே என்று தெரிந்தால் ஒரு பிள்ளை அதைத் திருத்திவிடும். நான் உனக்குப் பிழையைக் காட்டாமல் தண்டனையை மட்டும் தந்துவிட்டேன்.

பிறகு நடந்ததைக் கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாமா இன்னொன்று அனுப்பட்டுமா என்று கேட்டார், நீ வேண்டாம் என்றாய். உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் வர்த்தகத்துக்கு மாறினாய். ஏன் என்று கேட்ட வாத்தியாருக்கு, "கைவேலை எனக்குச் சரிவராது சேர்" என்றாயாம். அவர் என்னைச் சந்தியில் கண்டு, "நீங்கள் ஒருக்கால் பெடியனோடை கதையுங்கோ" என்றார். நான் "அவன்ரை விருப்பம்" என்று நடந்துவிட்டேன். விருப்பமில்லாமல் படித்ததில் மூன்று தரம் எழுதியும் சரிவரவில்லை. இப்போது கனடாவில் குளிருக்குள் பெட்டி ஏற்றி இறக்குகிறாய். அது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. அது நீ விரும்பிய வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும், ஏன் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் அந்த வீடியோவுக்குப் பிறகு அலுமாரியிலிருந்து எஞ்சினை எடுத்தேன். மாமாவுக்குச் சொல்லிப் புது டிகோடரும் ஸ்பீக்கரும் எடுப்பித்தேன். பூட்டி, ஓடவைத்து, கலியாணப் பரிசாகக் கொண்டுவந்து, அப்போது வாயாலேயே சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதிப் பாவத்தை வேலை செய்து கழிக்கிற எண்ணம். மூடியைக் கழற்றிய பிறகுதான் உன் வேலையை முதல்தரமாகப் பார்த்தேன். அன்று நான் ஸ்குரூவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மயிர்போன்ற வயர்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் படியவைத்து, ஈயம் வைத்த இடமெல்லாம் கடுகளவு, பளபளவென்று. பதினாறு வயதில், என் மொட்டை அயனால். என் ஆயுளில் அப்படியொரு வேலை என் கையால் வந்ததில்லை. நானும் புது டிகோடரைப் பூட்டப் பார்த்தேன். கண்ணுக்கு வயரின் நிறம் பிடிபடவில்லை, விரல் ஆடுகிறது. ஸ்பீக்கரின் மெல்லிய தாளில் அயன் நுனி பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குமேல் தொடவில்லை. மாமா இன்னொரு ஸ்பீக்கர் அனுப்பினார். எஞ்சினையும் டிகோடரையும் ஸ்பீக்கரையும் தனித்தனியாகச் சுற்றி, கலியாணத்துக்கு அங்கே வருகிற அம்மாவின் பயணப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பூட்டினால் பூட்டு, விருப்பமில்லாவிட்டால் கிடக்கட்டும். ஓடுகிறதா என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

அம்மாவுக்குச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. கோப்பையை வைப்பார், போவார். நாலாம் நாள், "அவன் தன்ரை கையைத் தானே வெறுத்துக்கொண்டு கலியாணம் கட்டக்கூடாது. நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்" என்றார். அதனால் இந்தக் கடிதத்தின் புண்ணியம் முழுதும் எனக்கு வராது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். அப்பன் என்ற முறையில் புத்தி சொல்கிற தகுதி எனக்குக் குறைவு, ஆனாலும் இதை மட்டும் கேள். பிள்ளை செய்து வைத்த ஒன்றை, அது இல்லாத நேரத்தில் திறக்காதே. திறந்தால் சொல். பிழைவிட்டால் அன்றைக்கே சொல், அன்றைக்குத்தான் அது சின்னப் பிழை. உன் மனைவிக்கு முன்னாலும் அப்படியே இரு. வீட்டில் எப்போதும் சரியாகவே இருக்கிற ஆள் ஒருவன் இருந்தால், மற்ற எல்லோரும் பிழையானவர்களாகத்தான் இருக்க வேண்டிவரும். நம் வீட்டில் அந்த ஆள் நான்.

முந்தநாள் மாமாவுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அவருக்கு முன்னால் உன்னை ஏசினேன், அவருக்கும் தெரியத்தானே வேண்டும். முழுதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அத்தான், அண்டைக்கு பஸ்ஸுக்குப் போற வழியிலை அவன் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு அழுதவன். மாமா, உங்கடை சாமானை எரிச்சுப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டவன். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, என்னாலை அவர் இன்னும் வெக்கப்படுவார் எண்டும் கேட்டவன்." தம்பி, நீ அந்த ரோட்டில் நின்று எனக்காக அழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் நான் இங்கே உன் ஸ்குரூவைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

வாசித்தவுடன் போன் எடுக்காதே. எடுத்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். "பழைய கதையப்பா, விடுங்கோ" என்பாய், என்னைத் தேற்றப் பார்ப்பாய். இந்த முறை எனக்கு இரங்காதே. முதலில் கோபப்படு. ஒரு கிழமையோ, ஒரு மாதமோ, அது உன் விருப்பம். கலியாணத்துக்கு நான் வரவேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல், அம்மா தனியாக வருவார், நான் இங்கே இருந்து வாழ்த்துவேன். வா என்றால் வருகிறேன், வந்த இடத்தில் ஏசினாலும் தலையைக் குனிந்து கேட்பேன். ஒரு சொல் மறுக்கமாட்டேன். அப்படியும் என்னை ஏச உனக்கு வாய் வராவிட்டால், அதுவும் நான் உனக்குச் செய்த வேலைதான்.

அப்பா